இன்டர்நெட் ஆர்க்கைவ்: புரூஸ்டர் கேல் கட்டிய நூலகத்தை எவ்வளவு நம்பலாம்?

அலெக்ஸா என்றதும் அமேசானின் பேசும் பெட்டிதான் இன்று நினைவுக்கு வரும். அந்தப் பெட்டி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது: 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் புரூஸ்டர் கேலும் புரூஸ் கில்லியட்டும் தொடங்கிய அலெக்ஸா இன்டர்நெட். வலைத்தளங்களைத் தானாகச் சுற்றிவந்து படியெடுப்பதும், எந்தத் தளத்துக்கு எவ்வளவு கூட்டம் என்று கணக்குச் சொல்வதும் அதன் தொழில். 1999-இல் சுமார் 25 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அமேசான் அதை வாங்கியது. 2022 மே மாதம் அந்தத் தளத்தை இழுத்து மூடியது. கேல் அதே 1996-இல் லாப நோக்கமில்லாமல் ஆரம்பித்த இன்னொன்று, இன்டர்நெட் ஆர்க்கைவ், இன்னும் ஓடுகிறது. விற்ற சரக்கு போய்விட்டது, சும்மா கொடுத்த சரக்கு நிற்கிறது.

இந்த விமர்சனம் அந்த இரண்டாவது சரக்கைப் பற்றியது. செத்துப்போன வலைப்பக்கம், அச்சில் இல்லாத தமிழ்ப் புத்தகம் இரண்டையும் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. அதன் நல்லதும் கெட்டதும் கேல் என்ற மனிதரின் பழக்கங்களிலிருந்தே வருகின்றன. ஆகவே அவரை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் பேசினால் பாதி புரியாது.

கேல் 1960-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1982-இல் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்று, திங்கிங் மெஷின்ஸ் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பொறியாளரானார். அங்கே இருந்தபோது உருவாக்கியது வெய்ஸ். வெவ்வேறு ஊர்களில் உள்ள சர்வர்களில் கிடக்கும் ஆவணங்களைச் சொல் கொடுத்துத் தேடும் முறை அது; வலை என்று இன்று நாம் சொல்வது பரவுவதற்கு முன்பே வந்தது. 1992-இல் அதைத் தனி நிறுவனமாக்கினார். 1995-இல் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் வாங்கிக்கொண்டது, விலை சுமார் 1.5 கோடி டாலர் என்றார்கள். அந்தக் காசில் வந்தது அலெக்ஸா. அலெக்ஸாவை விற்ற காசில், மனைவி மேரி ஆஸ்டினுடன் சேர்ந்து கேல்/ஆஸ்டின் அறக்கட்டளை. ஆர்க்கைவுக்கு முதுகெலும்பாக நின்ற பணங்களில் அதுவும் ஒன்று. நூலகங்களுக்குப் புத்தகம் ஸ்கேன் செய்து தருவது, பல்கலைக்கழகங்களுக்காக வலைத்தளங்களைச் சேமித்துத் தருவது ஆகிய கட்டணச் சேவைகளும் பொதுமக்கள் நன்கொடையும் மற்றதைத் தாங்குகின்றன.

பணத்தைவிட முக்கியமானது இன்னோர் ஏற்பாடு. அலெக்ஸா எடுத்த படிகள் சில மாதம் கழித்து ஆர்க்கைவுக்கு இனாமாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. முதல் சில ஆண்டுகள் அவை வெறும் டேப்புகளாகக் கிடந்தன. 2001 அக்டோபர் 24 அன்று வேபேக் மெஷின் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோதுதான் அந்தச் சேமிப்பின் மதிப்பு வெளியே தெரிந்தது. 2025 அக்டோபரில் 1 லட்சம் கோடி வலைப்பக்கப் படிகள் என்ற எண்ணிக்கையைத் தொட்டது.

எதையும் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வைத்துக்கொள்வது கேலின் முதல் பழக்கம். ஆர்க்கைவ் மேகச் சேவை எதிலும் இல்லை. சொந்த ரேக், சொந்த ஹார்டு டிஸ்க், சொந்தக் கட்டடம். தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவின் ரிச்மண்ட் பகுதியில் ஃபன்ஸ்டன் அவென்யூவில் இருக்கிறது. முன்பு கிறிஸ்டியன் சயன்ஸ் சபையின் ஆலயமாக இருந்த கட்டடம், முகப்பில் கிரேக்கத் தூண்கள். ஆர்க்கைவின் சின்னமும் தூண்கள் கொண்ட கட்டடம்தான். சின்னத்தைப் போலவே இருக்கிறது என்பதற்காக வாங்கினார்கள். உள்ளே வழிபாட்டுக் கூடத்தின் பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. பின்சுவரில் சர்வர்கள். யாரோ உலகின் ஏதோ மூலையில் ஒரு கோப்பைத் திறக்கும்போது நீல விளக்கு மினுங்கும். ஏசி கிடையாது, அந்த ஊர்க் குளிர்க்காற்றே இயந்திரங்களைக் குளிர்விக்கிறது, இயந்திரங்களின் சூடு குளிர்காலத்தில் கட்டடத்துக்குப் பயன்படுகிறது. பக்கவாட்டில் மூன்றடி உயரச் சுடுமண் பொம்மைகள் வரிசையாக நிற்கும். மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களின் உருவங்கள் அவை.

பார்க்க அழகுதான், ஆனால் சொந்தக் கட்டடம் என்றால் சொந்த ஆபத்தும் கூடவே வரும். 2013 நவம்பரில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேனிங் கூடம் தீப்பிடித்து எரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை, சுமார் 6 லட்சம் டாலர் நஷ்டம். சேமிப்பில் உள்ள ஒவ்வொரு பொருளும் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களில் இரண்டு டிஸ்க்குகளில் இருக்கும் என்பது அடிப்படை ஏற்பாடு. எகிப்தின் அலெக்ஸாந்திரியா நூலகத்திலும் ஒரு பகுதிப் பிரதி உண்டு. ஆனாலும் முதன்மைப் பிரதிகள் நிலநடுக்கத்துக்குப் பேர்போன சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலேயே இருப்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கருவி. வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்ததும் மேலே ஆண்டுகளின் பட்டை, கீழே நாட்காட்டி வரும். ஒரு தேதியின் மேல் உள்ள வட்டத்தின் அளவு அன்றைக்கு எத்தனை படி எடுத்தார்கள் என்பதைச் சொல்கிறது. நிறத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீலம் என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்தது. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று தளம் சொன்னது, அதாவது 404 வகை. சிவப்பு என்றால் அந்தத் தளத்தின் சர்வரிலேயே கோளாறு. புதிதாக வருகிறவர்கள் கடைசி வட்டத்தைத் தட்டிப் பார்த்து, 'இந்த டொமைன் விற்பனைக்கு' என்ற பலகையைக் கண்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். தளம் செத்து, பெயர் தரகர் கைக்குப் போன பிறகும் படியெடுப்பது நிற்காது. அந்தப் பலகையும் நீல வட்டமாகத்தான் சேரும். ஆகவே பின்னாலிருந்து தேடாதீர்கள். தளம் உயிரோடிருந்த காலத்தின் நடுவில் ஓர் ஆண்டைப் பிடித்து அங்கிருந்து இருபுறமும் போங்கள்.

படியின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு நான்கு இலக்கம். மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஒவ்வொன்றும் இரண்டிரண்டு. அது கிரீன்விச் நேரம். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 14-ஆம் தேதி 20 மணி என்று இருந்தால் நம் ஊரில் 15-ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை. 'அறிக்கையை முந்தின நாளே மாற்றிவிட்டார்கள்' என்று ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இந்தக் கூட்டலைப் போட்டுவிடுவது நல்லது. முழு எண்ணும் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் இட்டாலும் அதற்கு அருகில் உள்ள படிக்கு அது கொண்டுபோய்விடும்.

சான்றாகக் காட்ட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. திரையில் தெரியும் பக்கம் ஒரே நேரத்தில் எடுத்த புகைப்படம் அல்ல. எழுத்து ஒரு தேதியில் எடுத்தது, அதற்குள் இருக்கும் படம் மூன்று மாதம் கழித்து எடுத்தது என்று கலந்து வரலாம். மேல்பட்டையில் 'இந்தப் படியைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் முதன்மைப் பக்கத்திலிருந்து எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று பட்டியல் வரும். படத்தைச் சான்றாக வைத்தால் படத்தின் தேதியைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தேதிகளின் படிகளை ஒப்பிடும் வசதியும் உண்டு: நீக்கியது மஞ்சளாகவும் சேர்த்தது நீலமாகவும் தெரியும். அரசுத் தளங்களில் அறிவிப்பு ஓசையில்லாமல் மாறுவதைப் பிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

முகவரி சரியாகத் தெரியவில்லையா? தளத்தின் பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டால், அந்தத் தளத்தின் கீழ் சேமித்த முகவரிகள் எல்லாம் பட்டியலாக வரும். வலது மேல் மூலையில் உள்ள வடிகட்டும் பெட்டியில் 'பிடிஎஃப்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், முகப்பில் இணைப்பே காட்டாத பழைய மலர்களும் சிறப்பிதழ்களும் சில நேரம் தலைகாட்டும். எச்.டி.டி.பி.யா எச்.டி.டி.பி.எஸ்ஸா, முன்னால் மூன்று டபிள்யூ உண்டா இல்லையா என்பதெல்லாம் ஒரு பொருட்டில்லை. இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

தமிழ் வலைப்பூக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2012-இல் கூகுள் ப்ளாக்ஸ்பாட் வலைப்பூக்களை நாட்டுக்கு நாடு திருப்பிவிட ஆரம்பித்தது. இந்தியாவிலிருந்து திறந்தால் முகவரி 'டாட் இன்' என்று முடியும். பதிவர்கள் உலாவியின் மேலே கண்ட அந்த முகவரியையே வெட்டி ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்தார்கள். 2020-இல் அந்த 'ப்ளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற பெயர் கூகுள் கையைவிட்டுப் போனது. வலைப்பூ இன்னும் உயிரோடிருந்தும் அந்த இணைப்புகள் மொத்தமாக உடைந்தன. ஆகவே 'டாட் இன்' இணைப்பு திறக்காவிட்டால் உடனே வேபேக்குக்கு ஓட வேண்டாம். முதலில் 'டாட் காம்' என்று மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் பக்கம் அங்கேயே இருக்கும். வேபேக்கில் தேடும்போதும் இரண்டு முகவரிகளையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இவை அதற்கு இரண்டு வெவ்வேறு தளங்கள்.

யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு முந்தைய தளங்களில்தான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்தன. திஸ்கி, டாப், டாம், பாமினி, பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்கள். சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பிவைத்தன. அந்த முறையை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. ஆகவே வேபேக்கில் அந்தப் பக்கம் வெறும் குப்பையாகத் தெரியும். உண்மையில் உள்ளே முழுத் தமிழும் பத்திரமாக இருக்கிறது, சாவி மட்டும் தேவை.

எந்தக் குறியாக்கம் என்பதைக் கண்ணாலேயே ஓரளவு சொல்லலாம். சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே நிறைய அரைப்புள்ளிகளுமாக இருந்தால் பாமினி. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் மேல்புள்ளி. மேலே கோடும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்து, முக்கால் என்ற பின்னக்குறி அடிக்கடி வந்தால் அநேகமாக அது திஸ்கி. அந்த முக்கால்தான் 'த'. பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவற்றில் ஒட்டினால் யூனிகோடாக வந்துவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய திஸ்கியில் 'இ' உட்கார்ந்திருந்த இடம், வலை உலகில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டின் இடமாகிவிட்டது. திரையிலிருந்து வெட்டி ஒட்டும்போது அந்த எழுத்து உதிர்ந்து, 'இது' என்பது 'து' என்றும் 'இன்று' என்பது 'ன்று' என்றும் வரும். இதற்காகத்தான் திஸ்கியின் பிந்தைய பதிப்பில் 'இ'யை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய கட்டுரையில் இகரத்தில் தொடங்கும் சொல்லே இல்லை என்றால் காரணம் இதுதான். வெட்டி ஒட்டாதீர்கள். 14 இலக்க எண்ணுக்குப் பின்னால் இடைவெளி விடாமல் 'ஐ', 'டி' என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்துப் பக்கத்தைத் திறந்தால், வேபேக்கின் பட்டையும் திருத்தங்களும் இல்லாமல் அன்று எடுத்த கோப்பு அப்படியே வரும். அதைக் கோப்பாகச் சேமித்து, கோப்பையே மாற்றியில் கொடுங்கள்.

நீங்களே ஒரு பக்கத்தைச் சேமிக்க 2013 முதல் 'சேவ் பேஜ் நவ்' இருக்கிறது. கணக்கு இல்லாமலும் வேலை செய்யும். கணக்கோடு நுழைந்தால் பக்கத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லலாம், பக்கம் திரையில் தெரிவதை அப்படியே ஒரு படமாகவும் எடுத்துவைக்கச் சொல்லலாம். ஒரு வலைப்பூவை முழுக்கக் காப்பாற்ற வேண்டுமானால் முகப்பைச் சேமித்துவிட்டுப் போய்விடக் கூடாது, அதில் கடைசிப் பத்துப் பதிவுதான் இருக்கும். மாதவாரிப் பட்டியல் பக்கம் ஒவ்வொன்றையும் வெளி இணைப்புகளோடு சேமியுங்கள். வேகமாக அடுத்தடுத்துக் கொடுத்தால் கொஞ்ச நேரம் தடுத்துவைக்கும், அது கோளாறு அல்ல. உள்நுழைந்து மட்டும் பார்க்கக்கூடிய ஃபேஸ்புக் பதிவு, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும் பக்கம், ஸ்கிரிப்ட் வந்து நிரப்பும் பின்னூட்டப் பகுதி, பெரும்பாலான காணொளிகள் ஆகியவற்றை அது பிடிப்பதில்லை. 'முடிந்தது' என்று வந்ததும் ஜன்னலை மூடாமல், சேமித்த படியைத் திறந்து கடைசி வரி வரை பார்த்துவிடுவது நல்லது.

புத்தகப் பகுதி வேபேக் அளவுக்கு ஒழுங்கானதல்ல. தமிழுக்கு இதில் கிடைத்திருக்கும் பெரிய செல்வம், இந்திய அரசின் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் செய்த புத்தகங்களின் பிரதி. மூலத்தளம் முடங்கியபோது அந்தப் புத்தகங்கள் காணாமல் போகாததற்கு ஆர்க்கைவில் இருந்த இந்தப் பிரதி ஒரு பெரிய காரணம். 1920-களின் நாடகப் புத்தகம், சித்த மருத்துவச் சுவடிப் பதிப்பு, தல புராணங்கள் என்று கிடக்கின்றன. ஆனால் தலைப்பு, ஆசிரியர் பெயர்களை ஆங்கில எழுத்தில் மனம்போன போக்கில் தட்டிவைத்திருக்கிறார்கள். 'திருவிளையாடற் புராணம்' எத்தனை எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தேடும்போது மொழி தமிழ், வகை புத்தகம் என்று வடிகட்டிவிட்டு, சொல்லின் முதல் நான்கைந்து ஆங்கில எழுத்தையும் ஒரு நட்சத்திரக் குறியையும் கொடுங்கள். 'ழ'வுக்கு மூன்று விதமும் 'ற்ற'வுக்கு இரண்டு விதமும் முயன்று பார்க்காமல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கிடைத்ததும் பக்க எண்களைப் புரட்டிச் சரிபாருங்கள். நடுவில் எட்டுப் பக்கம் இல்லாத புத்தகமும், ஒரே பக்கம் இரண்டு முறை வரும் புத்தகமும் இந்தத் தொகுப்பில் சகஜம்.

ஆர்க்கைவ் தானே ஸ்கேன் செய்யும் புத்தகங்கள் வேறு தரம். 'வி' வடிவத் தொட்டிலில் புத்தகத்தை விரித்துவைத்து, மேலிருந்து கண்ணாடி இறங்கி அழுத்த, இரண்டு கேமராக்கள் இரு பக்கத்தையும் எடுக்கும். கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு கால்மிதி. பக்கத்தைப் புரட்டுவது மட்டும் மனிதக் கைதான். பழைய தாளை நம்பி ஒப்படைக்க வேறு கை கிடைக்கவில்லை.

நீங்கள் பதிவேற்றப் போகிறீர்களா? எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஐடென்டிஃபையர்' என்ற அடையாளப் பெயரைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு மட்டுமே அதில் வரலாம். தலைப்பைத் தமிழில் கொடுத்துவிட்டு அது தானாகப் போடும் பெயரை அப்படியே விட்டால் பொருளில்லாத எண்வரிசையாகப் போய்விடும், பிறகு மாற்றவே முடியாது. புத்தகப் பெயரையும் பதிப்பாண்டையும் ஆங்கில எழுத்தில் நீங்களே இடுங்கள். தலைப்பும் ஆசிரியர் பெயரும் தமிழிலேயே இருக்கட்டும், விவரப் பகுதியில் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேருங்கள்.

மொழி என்ற கட்டத்தைத் தமிழ் என்று நிரப்பிய பிறகே பதிவேற்றும் பொத்தானைத் தொட வேண்டும். பதிவேறியதும் 'டெரைவ்' (வருவித்தல்) என்ற தானியங்கி வேலை ஓடி, படத்திலிருந்து எழுத்தைப் படித்து, தேடக்கூடிய பிடிஎஃப், வெறும் உரைக்கோப்பு எல்லாம் உருவாக்கும். அது எந்த மொழியாகப் படிப்பது என்பதை இந்தக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. ஆங்கிலம் என்று போட்டால் 300 பக்கத் தமிழ் நாவல் ஆங்கிலக் குப்பையாக வந்து நிற்கும். பின்னால் மொழியைத் திருத்தினால் மட்டும் போதாது, மறுபடி டெரைவ் ஓட்ட வேண்டும். ஆர்க்கைவ் டெசராக்ட் என்ற திறமூல நிரலுக்கு மாறிய பிறகே தமிழ் வாசிப்பு உருப்படியானது. அதற்கு முன் ஏறிய தமிழ் நூல்களின் உரைக்கோப்பை நம்ப வேண்டாம். இப்போதும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் அது தடுமாறும். துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை', சுழித்து எழுதிய 'ணா', 'றா' எல்லாம் வேறு ஏதோ எழுத்தாக வந்து விழும்.

பிடிஎஃப் இல்லாமல் தனித்தனிப் படங்களாக வைத்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஆக்கி, கோப்பின் பெயர் அடிக்கோடும் 'இமேஜஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுமாக முடியும்படி வையுங்கள். புத்தகம் என்று புரிந்துகொள்ளும். பக்கங்களின் பெயரை 0001, 0002 என்று சுழியம் சேர்த்து எழுதுங்கள். வெறும் 1, 2, 10 என்று விட்டால் ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வந்து உட்காரும். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) போதும். முதல்முறை என்றால் சோதனைத் தொகுப்பில் ஏற்றிப் பாருங்கள், 30 நாளில் தானாகவே நீக்கிவிடுவார்கள். கணக்குக்குத் தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்: ஏற்றியவரின் முகவரி விவரக் கோப்பில் எல்லாரும் பார்க்கும்படி நிற்பதுண்டு.

பதிப்புரிமைக் கணக்கு எளிதுதான். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1964-இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. பாரதி 1949-இலேயே, கல்கி 1999-இல். இலங்கையில் 70 ஆண்டு என்பதால் ஈழத்து நூல்களுக்கு வேறு கணக்குப் போட வேண்டும். பின்னாளில் எழுதிச் சேர்த்த முன்னுரை, உரை, குறிப்புகளுக்கு அவற்றை எழுதியவரின் உரிமை தனி. இதைப் பலர் மறந்துவிட்டு, நீக்கச் சொல்லிக் கடிதம் வந்ததும் ஆர்க்கைவைத் திட்டுகிறார்கள்.

ஆர்க்கைவும் இதே இடத்தில்தான் அடிபட்டது. முதலில் செய்துவிட்டு அப்புறம் வாதாடுவது கேலின் இரண்டாவது பழக்கம். அது நன்றாகவும் முடிந்திருக்கிறது. 2007-இல் எஃப்.பி.ஐ. ஒரு பயனரின் விவரம் கேட்டு ரகசியக் கடிதம் அனுப்பியபோது, கொடுக்காமல் நீதிமன்றம் போனார். மறு ஆண்டு எஃப்.பி.ஐ. கடிதத்தைத் திரும்பப் பெற்றது. மோசமாக முடிந்தது புத்தக வழக்கு. கையில் ஒரு அச்சுப் பிரதி இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மின்பிரதி இரவல் என்ற முறையில் பல ஆண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பதிப்பாளர்கள் முணுமுணுத்தார்களே தவிர வழக்குப் போடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி அந்த 'ஒரு பிரதி, ஒரு ஆள்' வரம்பை நீக்கினார்கள். ஜூன் மாதமே ஆஷெட் உள்ளிட்ட நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023-இல் தோல்வி, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோல்வி. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவலிலிருந்து போயின. தீர்ப்பு அந்தப் பன்னிரண்டு வாரத் தாராளத்தை மட்டும் அடிக்கவில்லை, அதற்கு முன் அமைதியாக நடந்துகொண்டிருந்த முறையையும் சேர்த்து அடித்தது. நல்ல எண்ணத்தில் செய்த சூதாட்டம்தான். பணயம் வைத்தது நூலகத்தை. பழைய இசைத்தட்டுகளை ஏற்றியதற்காக ஒலிப்பதிவு நிறுவனங்கள் 2023-இல் போட்ட வழக்கு 2025-இல் சமரசமானது. சொந்தமாக ஒரு கடன் சங்கமே தொடங்கி, கட்டுப்பாட்டு அதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் சில ஆண்டுகளில் மூடியதும் இதே மனிதர்தான்.

2024 அக்டோபரில் வந்த அடி வேறு வகை. சுமார் 3.1 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சலும் மறைகுறியாக்கிய கடவுச்சொல்லும் திருடுபோயின. கூடவே தளத்தை முடக்கும் தாக்குதல். வேபேக் சில நாளில் படிக்க மட்டும் திரும்பியது, பதிவேற்றம் திரும்ப இன்னும் நாளானது. சேமித்துவைத்த கோப்புகள் கெடவில்லை. இத்தனை பெரிய களஞ்சியத்தைச் சிறிய குழு ஒன்று தாங்குகிறது, பாதுகாப்புக்குப் போக வேண்டிய கவனம் முழுதாகப் போகவில்லை என்பது அந்த மாதம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு முன் திறந்த கணக்கு என்றால் அதே கடவுச்சொல்லை வேறெங்காவது வைத்திருக்கிறீர்களா என்று இன்றாவது பாருங்கள்.

தேடுவதற்கும் மேற்கோள் காட்டுவதற்கும் இதற்கு நிகர் வேறொன்றில்லை. கூகுளே தன் தேடலில் இருந்த சேமிப்புப் படியை 2024-இல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேபேக்குக்கு இணைப்புக் கொடுத்தது. ஒரே பிரதியை அங்கே மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்றால், கூடாது. நீங்கள் ஏற்றிய பிடிஎஃப் உங்கள் டிஸ்க்கிலும் இருக்கட்டும். மொத்தமாக இறக்கிவைக்க 'ஐஏ' என்ற பைத்தான் கட்டளைக் கருவியை ஆர்க்கைவே தருகிறது. அடையாளப் பெயர்களின் பட்டியலைக் கொடுத்து இரவில் ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும். எல்லாக் கோப்பும் இறங்காமல் பிடிஎஃப் மட்டும் என்று வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் மூலப் படங்களும் சேர்ந்து இறங்கி டிஸ்க் நிரம்பிவிடும்.

ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி அந்தப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேல் போடுவதில்லை. கலிஃபோர்னியாவில் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு ரிச்மண்டில், ஈரப்பதம் கட்டுப்படுத்திய கப்பல் கன்டெய்னர்களில், ஒன்றுக்குச் சுமார் 40,000 புத்தகம் என்று அடுக்கிவைத்திருக்கிறார். ஸ்கேனில் பக்கம் விட்டுப்போனது என்றைக்காவது தெரியவந்தால் திரும்பப் போய்த் திறக்க அதுதான் இருக்கும். வீட்டில் கன்டெய்னர் வேண்டாம். ஒரு மூடிய பெட்டியும், வருடத்துக்கு ஒருமுறை மாற்ற நாலு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.